எண்பத்தெட்டாம் பக்கத்துச் சிவப்பு மூடி

மார்ச் 4

அக்கா,

நான்தான். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் ஓரமாகத் தூக்கிப் போட்டிருப்பாய், அப்புறம் மனசு கேட்காமல் பிரித்திருப்பாய். பிரித்துவிட்டாய் அல்லவா, படி. இது சண்டைக் கடிதம் இல்லை. வேலைக் கடிதம்.

உன் புத்தகத்தின் அச்சுப் பக்கங்கள் நானூற்றுப் பன்னிரண்டும் ஒரு வாரமாக எங்கள் சாப்பாட்டு மேஜையில் கிடக்கின்றன. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பதிப்பாளருக்கு நீ என் கூடப்பிறந்தவள் என்று தெரியாது. வெளியுறவு, எல்லை, ஆயுதம், உலகப் பாதுகாப்பு என்று யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும், கடைசியில் வரும் சொல்லடைவைப் போட அவர் என்னிடம்தான் அனுப்புவார். இதுவரை முப்பத்தொரு புத்தகம் முடித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற தூதர்கள், ஓய்வு பெற்ற தளபதிகள், ஓய்வே பெறாத பேராசிரியர்கள். உன்னுடையது முப்பத்திரண்டாவது.

இந்த மாதிரிப் புத்தகங்களை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை என்பது உனக்கே தெரியும். கடையில் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் புரட்டி, சொல்லடைவில் தன் பெயர் இருக்கிறதா, எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இருந்தால் வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் மதிப்புரையில் கிழிக்கிறார்கள். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு போடுகிறேன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. அது தலைகாட்டும் பக்கமெல்லாம் அந்த அட்டையில் ஏறும். இன்றைக்கு உன் வெற்றிகளுக்கு நாற்பத்தாறு பக்கம் ஏறியிருக்கிறது. உன் தவறுகளுக்கு அட்டையே திறக்கவில்லை. வருத்தப்படாதே, உங்கள் துறையில் யாருக்கும் நான் அதைத் திறந்ததில்லை.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். பதினொரு வருஷத்துக்கு முன் முறிந்துபோன அந்த எல்லைப் பேச்சுவார்த்தையைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். பக்கம் 88: 'விடியற்காலையில் அலமாரியைத் திறந்து, சிவப்பு மூடி போட்ட அந்த வரைபடக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மூன்று வருஷ உழைப்பு என் தோளில் தொங்கியது.' பக்கம் 214: 'வரைபடப் பிரிவு முந்திய நாள் அனுப்பிய குழலில் தவறான படம் இருந்தது பேச்சு மேஜையில்தான் தெரியவந்தது. தவறு நேர்ந்துவிட்டது.'

88இல் இருக்கும் குழலும் 214இல் இருக்கும் குழலும் ஒன்றா, வேறா? எனக்கு ஓர் அட்டை போதுமா, இரண்டு அட்டை வேண்டுமா?

மற்ற நூற்றிருபது சந்தேகங்களைப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். இதை மட்டும் உனக்கு நேரே எழுதுகிறேன். அந்த வரைபடப் பிரிவின் தலைவராக இருந்தவர், இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். காரணம் புரிந்திருக்கும்.

பதில் எழுது. போன் வேண்டாம். போனில் நீ பாதியில் வெட்டுவாய்.

தங்கை


மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. வந்த அன்றே பதில் எழுதுவது என் வழக்கமில்லை என்பதால் நான்கு நாள் வைத்திருந்தேன். முப்பத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவசரப்பட்டுப் போட்ட பதில்களால் வந்த வினைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. என் புத்தகத்துக்கு என் தங்கை சொல்லடைவு போடுவது சரியில்லை. பதிப்பாளரிடம் நானே சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, பாவம், உன் பிழைப்பில் கை வைத்தேன் என்று இன்னொரு பதினான்கு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன். பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில், நம் மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரர், ஒரு கதவைப் பூட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான் சிரித்தார். அதற்கு இவ்வளவு நாளா?

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். 88ஆம் பக்கத்தில் இருப்பது வெறும் வர்ணனை. பதிப்பகத்தில் 'கொஞ்சம் உயிரோட்டமா எழுதுங்க மேடம், அறிக்கை மாதிரி இருக்கு' என்று பிடுங்கி எடுத்ததால் சேர்த்தது. அந்தப் பத்தியையே எடுத்துவிடலாம். பதிப்பாளருக்கு இன்றே எழுதிவிட்டேன். 214 அப்படியே இருக்கட்டும். அது விசாரணை அறிக்கையில் உள்ளது, அமைச்சகம் படித்துப் பார்த்து வெளியிட அனுமதித்த வாசகம். அனுமதி கிடைக்கவே பத்து மாதம் ஆயிற்று. அதில் ஒரு புள்ளியைத் தொட்டாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆக, உனக்கு ஓர் அட்டை போதும்.

ஓய்வே பெறாத பேராசிரியர்கள் என்ற வரிக்குச் சிரித்தேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 14

மதிப்புக்குரிய முன்னாள் தூதர் அவர்களுக்கு,

தங்கள் மேலான பதில் கிடைத்தது. இரண்டு பக்கம் ஒன்றோடொன்று மோதினால், உண்மையைச் சொல்லும் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பொய் சொல்லும் பக்கத்தைக் காப்பாற்றும் தங்கள் ராஜதந்திரத்தைக் கண்டு வாயடைத்து நிற்கிறேன்.

போதும், எனக்கு 'நீங்கள்' போட்டு எழுத வரவில்லை. அக்கா, எனக்கு எப்படி எரிகிறது தெரியுமா?

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மூடி வழக்கத்தைக் கொண்டுவந்ததே உன் மாப்பிள்ளைதான். வரைவுப் படமா, சிவப்பு மூடி, கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இறுதிப் படமா, பச்சை மூடி. கல்யாணமான புதிதில் என்னிடம் அதைப் பற்றிப் பேசிப் பேசியே அறுத்தவர் அவர். அந்தப் பேச்சுவார்த்தைக்கான வரைவு ஆறு பேருக்குப் போனது. ஆற்று நடுவில் இருக்கும் மணல்திட்டு அதில் நம் நிறத்தில் இருந்தது. பிறகு அந்தத் திட்டை யாருக்கும் சொந்தமில்லாமல் வெள்ளையாக விடுவது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டபின், இறுதிப் படத்தை அவர் வரைந்தார். வரைவு வாங்கிய ஆறு பேரும் அதை அழித்துவிட்டோம் என்று எழுத்தில் கொடுத்தீர்கள். அதில் ஒன்று உன் கையெழுத்து.

அப்புறம் நீங்கள் மேஜையில் விரித்தது வரைவு. திட்டு நம் நிறத்தில் இருந்தது. எதிர்த்தரப்பினர் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த மாதம் அந்தத் திட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நம் காவலர்கள் இரண்டு பேர் செத்தார்கள்.

விசாரணைக்குக் குழல் கிடைக்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்த ஊர் விடுதியிலேயே யாரோ குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மூடி என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. படம் மட்டும் திரும்பி வந்தது, மூலையில் அவர் கையெழுத்தோடு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேட்டுக்கொள். "அக்காவுக்கு மூடி வழக்கம் நல்லாத் தெரியும். சிவப்பு மூடியை அவங்க எடுத்துட்டுப் போயிருக்கவே மாட்டாங்க. வரைவையெல்லாம் எல்லாரும் அழிச்சாச்சு. மிச்சம் இருந்தது எங்கிட்ட இருந்த ஒண்ணுதான். அப்போ நான்தான் பச்சை மூடிக்குள்ள அதைப் போட்டு அனுப்பிட்டேன். அழிக்க வேண்டியதை அனுப்பிட்டு, அனுப்ப வேண்டியதை அழிச்சுட்டேன்."

உன்மேல் வைத்த நம்பிக்கையை வைத்தே அவர் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டார். பிரிவிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். நான்கு மாதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது மருந்துக் கிடங்கில் லேபிள் சரிபார்க்கிறார். ஒவ்வொரு பெட்டியையும் ஏழு தடவை பார்க்கிறார் என்று மேற்பார்வையாளர் எரிந்து விழுகிறார். கதவைப் பூட்ட அரை மணி நேரம் எதற்கு ஆகிறது என்று நீ கல்யாண வீட்டில் கேட்டாயே, இதற்குத்தான்.

நீ தோளில் மாட்டிக்கொண்டது சிவப்பு மூடி என்றால், அவர் மூடியை மாற்றிப் போடவே இல்லை. அவர் சரியாக அனுப்பினார். நீ அழித்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அழிக்காமல் அலமாரியில் வைத்திருந்த வரைவைத் தூக்கிக்கொண்டு போனாய்.

இல்லை என்று சொல். ஒரே வரியில் சொல்.

தங்கை


மார்ச் 22

வாண்டு,

சின்ன வயதில் உன்னை இப்படித்தான் கூப்பிடுவேன். நீ கோபத்தில் எழுதினால் அப்படியே அந்த வாண்டுதான் வந்து நிற்கிறது.

நீ சொல்லடைவு போடுகிறவள். இரண்டு வார்த்தை ஒரே மாதிரி இருந்தால் இரண்டையும் முடிச்சுப் போடுவது உன் தொழில். ஆனால் சர்வதேச உறவு என்பது அட்டைகளில் அடங்குகிற விஷயம் இல்லை. அந்தப் பேச்சுவார்த்தை ஒரு படத்தால் முறிந்தது என்று நினைப்பதே சிறுபிள்ளைத்தனம். அவர்கள் தலைநகரில் ஆட்சி ஆடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய தளபதிகளுக்கு உடன்பாடு பிடிக்கவில்லை. எழுந்து போக ஒரு சாக்கு தேவைப்பட்டது, படம் கிடைத்தது. படம் கிடைத்திருக்காவிட்டால் காபி ஆறிப்போயிருந்தது என்று சொல்லி எழுந்து போயிருப்பார்கள். பத்தாம் அத்தியாயம் முழுக்க இதைத்தான் ஆதாரத்தோடு நிறுவியிருக்கிறேன். அதைப் படித்தாயா, இல்லை அட்டை மட்டும் போட்டாயா?

நடந்ததைத் தொழில்நுட்பப் பிழை என்று சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தூதுக்குழுவே தெரிந்து வரைவைக் கொண்டுபோனதாக எதிர்த்தரப்பு நினைத்திருந்தால், நாம் பேச்சிலேயே நேர்மை இல்லாதவர்கள் என்று ஆகியிருக்கும். ஒரு பிரிவில் நடந்த கைப்பிழை என்றால் அது சின்னது, உலகம் மறந்துவிடும். அன்றைய சூழலில், எல்லா அம்சங்களையும் கருத்தில் கொண்டு, பொறுப்பான மட்டத்தில் இருந்தவர்கள் அனைவரும் ஒருமனதாக அந்த முடிவுக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்பதோடு விஷயம் முடியும் என்றுதான் எதிர்பார்க்கப்பட்டது. கிடங்குக்கு மாற்றியது வேறு துறையின் முடிவு.

சிவப்பு என்று எழுதியது கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று. பதினொரு வருஷம் கழித்து மூடியின் நிறம் யாருக்கு நினைவிருக்கும்?

இத்தனை காலத்துக்குப் பிறகு இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? எனக்கு அறுபத்தேழு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. இந்தப் புத்தகம்தான் நான் விட்டுவிட்டுப் போவது. என்னை என்னதான் செய்யச் சொல்கிறாய்?

அக்கா


மார்ச் 25

அக்கா,

நீ பொய் சொல்லும்போது வாக்கியம் நீளும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இப்படித்தான். 'எதிர்பார்க்கப்பட்டது' என்கிறாய். யார் எதிர்பார்த்தார்கள்? நீயா, நாற்காலியா?

பத்தாம் அத்தியாயத்தைப் படித்தேன், இரண்டு தடவை. நன்றாகவே எழுதியிருக்கிறாய். அந்தப் படம் வெறும் சாக்கு, எப்படியும் முறிந்திருக்கும், எப்படியும் சூடு நடந்திருக்கும் என்று நாற்பது பக்கம் வாதாடுகிறாய். உலகத்தில் இருக்கிற எல்லாப் பேராசிரியர்களுக்கும் அதை விளக்கத் தெரிந்த உனக்கு, பதினொரு வருஷமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறபோது இவரிடம் ஒரு தடவை, 'மாப்பிள்ளை, அந்த ரெண்டு பேரும் உங்களால சாகலை' என்று சொல்ல வாய் வரவில்லையே. அது ஏன் என்று பதினொன்றாம் அத்தியாயத்தில் எழுது, முதல் ஆளாக நான் வாங்குகிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மேஜையில் கிடக்கும் உன் பக்கங்களை அவர் இதுவரை தொட்டதில்லை. நேற்று சாயங்காலம் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, "அக்கா புத்தகத்துல நான் வர்றேனா?" என்று கேட்டார்.

"பேர் வரலை. பிரிவுன்னு மட்டும்தான் இருக்கு" என்றேன்.

"பேரைப் போடாம விட்டாங்களே, அதுவே பெரிசு. அக்காவுக்கு நல்ல மனசு" என்றார்.

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன்.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டாய். இங்கே வந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல். நானே சொல்லியிருப்பேன். நான் சொன்னால், 'என் பெண்டாட்டி என்மேல் இருக்கிற பாசத்தில் அக்காவையே பழி சொல்கிறாள்' என்று நினைப்பார். நீ சொன்னால்தான் நம்புவார். இன்னமும் இந்த வீட்டில் உன் வார்த்தைக்குத்தான் மதிப்பு.

சொல்லடைவை நிறுத்திவைத்துவிட்டேன். பதிப்பாளர் தினமும் போன் செய்து உயிரை வாங்குகிறார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 2

வாண்டு,

ஐந்து கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதையும் கிழிப்பதற்கு முன் அனுப்பிவிடுகிறேன்.

மூடி சிவப்புதான். நினைவில்தான் இருந்தது. எழுதும்போது கை தானாக எழுதியது. நான்கு தடவை பக்கங்களைத் திருத்தினேன், நான்கு தடவையும் அந்த வரி கண்ணில் படவில்லை. அமைச்சகத்தில் மூன்று பேர் படித்தார்கள், அவர்கள் கண்ணிலும் படவில்லை. மூடியின் நிறத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று தெரிந்த ஒருத்திக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும் என்று இருந்திருக்கிறது.

அழித்துவிட்டேன் என்ற தாளில் நாங்கள் ஆறு பேரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாள் கையெழுத்துக்காகத்தான் வரும், அழிப்பதற்காக யாருக்கும் வராது. எங்கள் இடத்தில் அதுதான் வழக்கம். எல்லோரும் அலமாரியில் போட்டு வைத்திருப்போம், எப்போதாவது தேவைப்படும் என்று. நானும் போட்டு வைத்தேன்.

கிளம்புவதற்கு முந்திய நாள் மாலை மாப்பிள்ளை அனுப்பிய குழல் வந்தது. அப்போது நான் போனில் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கொண்டுவந்தவரிடம் மேலே வை என்று கையைக் காட்டினேன். அவர் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் போனார். விடியற்காலையில் வந்தேன், அலமாரியைத் திறந்தேன், கண்ணெதிரே ஒரு குழல் இருந்தது, எடுத்துக்கொண்டேன். மூடியைப் பார்த்தேன். சிவப்பு என்பது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு என் மண்டை முழுக்க நான் நிகழ்த்தப்போகும் தொடக்க உரைதான் இருந்தது.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், அலமாரிக்கு மேலே பச்சை மூடி.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் மேலிடத்தில் தொழில்நுட்பப் பிழை என்று எழுதி முடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. எனக்கு மற்ற எல்லோரையும்விட வசதியாக இருந்தது. அடுத்த மாதம் என்னைத் தூதராக அனுப்பும் உத்தரவு வரவேண்டியிருந்தது. வந்தது. மாப்பிள்ளை வேலையை விட்டபோது நான் மூன்று கடல் தாண்டி இருந்தேன். ஒரு நல்ல பேனா வாங்கி அனுப்பினேன், நினைவிருக்கிறதா? நீ நன்றி சொல்லிக் கடிதம் எழுதினாய். அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது. மனிதப் பிறவி இவ்வளவுதான்.

குழலைக் கொடுக்கவும் துணிவில்லை, அழிக்கவும் கை வரவில்லை. ஏழு வீடு மாறினேன், அதுவும் கூடவே வந்தது. என் பீரோவின் பின்பக்கத்தில் இருக்கிறது. முத்திரை பிரிக்கவில்லை.

214ஐ மாற்றிவிட்டேன். 'வரைபடப் பிரிவு சரியான படத்தை முந்திய மாலையே அனுப்பியிருந்தது. அழித்துவிட்டதாக நான் கையெழுத்திட்ட வரைவை, அழிக்காமல் வைத்திருந்து, அதை எடுத்துச் சென்றது நான்.' நாலே வரி. நீளவில்லை, பார்த்தாயா. பதிப்பாளர் போனில் கத்து கத்தென்று கத்தினார். இந்த வாசகத்துக்கு அமைச்சகம் மறுபடி அனுமதி தர வேண்டும். தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தராவிட்டால் புத்தகம் வராது. பழைய வாசகத்தோடு வெளியிடச் சம்மதிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எட்டு வருஷம் உட்கார்ந்து எழுதினேன், எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். குழலையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ கூடவே இரு. அவர் என்னை வெளியே போகச் சொன்னால், நீ சமாதானம் பேசாதே.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

நீ அனுப்பிய இரண்டு கடிதமும் கிடைத்தன. உடனே எழுதவில்லை. நான்கு நாள் வைத்திருந்து எழுதுவது உன் வழக்கம் மட்டும்தானா?

அன்றைக்கு நீ கிளம்பிப் போனபின் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். நீ சொல்லி முடித்ததும் அவர் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குழலைப் பிரிக்கலையா அக்கா?" நீ இல்லை என்றாய். உள் அறைக்குப் போனவர், நீ ஒன்றரை மணி நேரம் காத்திருந்தும் வெளியே வரவில்லை. நீ படியிறங்கிய சத்தம் கேட்டபின்தான் வந்தார். கோபமாக இருந்தார். இவருக்கு இப்படிக் கோபம் வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உன்மேல், அமைச்சகத்தின்மேல், என்மேலும்தான். "உனக்கு ஒரு மாசமா தெரியும், எனக்கு இன்னிக்குத்தான் தெரியணுமா?" என்று கேட்டார். இரண்டு வாரம் வீட்டில் சரியான பேச்சே இல்லை. குழல் நீ வைத்த மூலையிலேயே இருந்தது. நான் அதைச் சுற்றித்தான் பெருக்கினேன்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார் என்று நான் எழுதப்போவதில்லை. 'மாப்பிள்ளை பெருந்தன்மையாக நடந்துகொண்டார்' என்று நீ நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். பெருந்தன்மை எல்லாம் பதினொரு வருஷமாகக் காட்டி முடித்துவிட்டார். போனில் உன் பெயர் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போகிறார். நானும் உன்னோடு இன்னும் சமாதானமாகவில்லை. கடிதம் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

புத்தகத்தை அமைச்சகம் திருப்பி அனுப்பிவிட்டதாகப் பதிப்பாளர் சொன்னார். அந்த நாலு வரியை எடுத்தால் நாளைக்கே அனுமதி என்றார்களாம். நீ எடுக்க மாட்டேன் என்றாயாம். அவர் என்னிடம், "உங்களுக்குத் தெரியுமா, இந்த அம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

நேற்று நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

நேற்று அவருக்கு விடுமுறை. காலையில் சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், குழலை எடுத்து முத்திரையை உடைத்தார். வீட்டில் விரிக்க இடமில்லை, மேஜை முழுக்க இன்னொரு தளபதியின் புத்தகம். குழலைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பு கூடப் போடாமல் கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரர் இருக்கிறார், சீருடைகள் தைப்பவர். அவரிடம் துணி வெட்டுகிற பெரிய மேஜை ஒன்று உண்டு. "கொஞ்சம் இடம் தர்றீங்களா?" என்று கேட்டார். தையல்காரர் துணிகளை ஒதுக்கினார்.

படத்தை விரித்தார். நாலு மூலைக்கும் தையல்காரரின் கத்தரிக்கோலையும் இஸ்திரிப் பெட்டியையும் நூல்கண்டுகளையும் வைத்தார். ஆறு வளைந்து வந்தது. நடுவில் மணல்திட்டு, வெள்ளையாக. குனிந்து, விரலால் தொடாமல், கோட்டின் கூடவே போய்க்கொண்டிருந்தார். தையல்காரருக்கு ஒன்றும் தெரியாது. அது எந்த ஆறு, எந்த எல்லை என்று கூடத் தெரியாது. அவரும் குனிந்து பார்த்தார்.

"யார் சார் போட்டது இது?"

"நான்தான்."

"ஒரு இடத்துலகூட கை நடுங்கலையே சார்" என்றார் தையல்காரர்.

இவர் படத்தைச் சுருட்டவில்லை. தையல்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். பிறகு தையல்காரரும் நானும் சேர்ந்துதான் சுருட்டினோம்.

மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே குடியிருப்பவர் எங்களைத் தாண்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

"அந்த ரெண்டு பேரும் என்னால சாகலை" என்றார்.

"ஆமா" என்றேன்.

"நான் சரியாத்தான் அனுப்பியிருக்கேன்."

"ஆமாங்க."

நன்றாக அழுதார். முடித்து, சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்போ யாரால?"

நான் உன் பெயரைச் சொல்லவில்லை, அக்கா. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் எழுந்து வீட்டுக்குப் போனோம்.

தங்கை